குனிந்த கழுத்தா குற்றவாளி?

சோழிங்கநல்லூர், பெருங்குடி, வேளச்சேரி... ஐ.டி. கம்பெனிகளை ஒட்டியிருக்கும் எந்த பிசியோதெரபி கிளினிக்கிலும் மாலை ஏழு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றாமல் இளைஞர்களும் இளம்பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஸ்கேன் சென்டரின் பெரிய கவர். உள்ளே ஒரு எக்ஸ்ரே, கூடவே ரிப்போர்ட். கழுத்தெலும்பின் இயல்பான வளைவு குறைந்து நேராகிவிட்டது, தசை இறுக்கம் காரணமாக இருக்கலாம் என்று அதன் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். தங்கள் முறை வருவதற்குள் அதை கூகுளில் தேடிப் படித்திருப்பார்கள். பாதி உயிர் அங்கேயே போயிருக்கும்.

"எலும்பு நேரா ஆயிடுச்சாமே மேடம்... மறுபடி வளையுமா?"

நிமிர்ந்து உட்கார், நேராக நில் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள், எலும்பு நேராகிவிட்டது என்று கண் கலங்குவதை வேறெங்கும் பார்க்க முடியாது.

கழுத்துவலி சின்ன விஷயம் இல்லை. 2020-ல் உலகம் முழுக்க 20.3 கோடிப் பேர் கழுத்துவலியோடு இருந்ததாகவும், 2050-ல் இது 26.9 கோடியாகக்கூடும் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். வலி நிஜம். ஆனால் அந்த வலிக்கு நாம் பிடித்து நிறுத்தியிருக்கும் குற்றவாளி, அதாவது குனிந்த கழுத்தும் வளைவு போன எலும்பும், விசாரணையில் தேறுவதில்லை.

ஏழு எலும்பு, ஐந்து கிலோ

மனிதக் கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், எலிக்கும் ஏழுதான். அவற்றின் மேல் சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலை உட்கார்ந்திருக்கிறது. பிறந்த குழந்தையின் முதுகு ஏறக்குறைய ஒரே பக்கமாகத்தான் வளைந்திருக்கும். மூன்று, நான்கு மாதம் ஆனதும் வீட்டுக்கு வரும் பெரியவர்கள் "கழுத்து நின்னுடுச்சா?" என்று விசாரிப்பார்களே, அந்தப் பருவத்தில்தான் கழுத்தின் முன்பக்க வளைவு நன்றாகத் துலங்கத் தொடங்குகிறது. எழுந்து நடக்க ஆரம்பிக்கும்போது இடுப்பிலும் இப்படி ஒரு வளைவு விழும். நடையின் அதிர்வு நேராக மண்டைக்கு ஏறாமல் இந்த வளைவுகள் வாங்கிக்கொள்கின்றன.

இந்த வளைவு இத்தனை டிகிரிதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் இல்லை. ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது மாறும். மேல்முதுகு எவ்வளவு கூன் வாங்கியிருக்கிறதோ அதற்குத் தக்கபடி கழுத்தும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ரே எடுக்கும்போது முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தினாலே படத்தில் வளைவு குறைந்து தெரியும். வலியோடு வந்தவர் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டுதான் மெஷின் முன்னால் நிற்பார், படமும் அப்படித்தான் விழும். 2007-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 45 வயதைத் தாண்டிய 107 பேரின் கழுத்து எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டார்கள். வலி இருந்தவர்கள், இல்லாதவர்கள் என இரண்டு தரப்புக்கும் வளைவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

எம்.ஆர்.ஐ. கதை இன்னும் சுவாரசியம். "ஜவ்வு பிதுங்கியிருக்கு" என்ற வார்த்தையைக் கேட்டதும் நாம் ஆபரேஷன் தியேட்டர் வரை யோசித்துவிடுகிறோம். ஜப்பானில் எந்த உபாதையும் இல்லாத 1,211 பேரை அழைத்துக் கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். 87.6 சதவிகிதம் பேருக்கு ஏதோவொரு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே முக்கால்வாசிப் பேருக்கு அப்படி! 2015-ல் வெளியான அந்த ஆய்வை ஸ்கேன் சென்டர் சுவரில் ஒட்டி வைத்தால் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். தலை நரைப்பதுபோல டிஸ்க்கும் வயதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் நோயும் இல்லை, வலிக்கெல்லாம் ரிப்போர்ட்டில் காரணமும் கிடைக்காது.

27 கிலோவும் ஒரு கொம்பும்

போனைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் 27 கிலோ சுமை ஏறுகிறது என்ற படம் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். நிமிர்ந்திருக்கும்போது ஐந்து கிலோ, 15 டிகிரியில் 12 கிலோ, 30 டிகிரியில் 18 கிலோ என்று படிப்படியாக ஏறும் அந்தக் கணக்கு, நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் வெளியிட்டது. கணினியில் ஒரு மாதிரிக் கழுத்தை உருவாக்கிப் போட்ட கணக்கு அது. மனிதர்கள் யாரையும் குனியவைத்து அளக்கவில்லை, யாருக்கு வலித்தது என்றும் கேட்கவில்லை. இயற்பியலாக அது தப்பில்லை. தலை முன்னால் போகப் போக, பின்னால் இருந்து இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்கு வேலை கூடத்தான் செய்யும். ஆனால் சுமை கூடுவதும் சேதமாவதும் ஒன்றில்லை. மாடிப்படி ஏறினால் மூட்டுக்கும்தான் உடல் எடையைப்போலப் பல மடங்கு சுமை. அதற்காக யாரும் படிக்கட்டை நோய் என்று சொல்வதில்லையே!

‘டெக்ஸ்ட் நெக்’ என்ற பெயரும் அமெரிக்காவில் ஒரு கைரோபிராக்டர் பிரபலப்படுத்தியதுதான். பெயர் வந்துவிட்டால் நோய் வந்துவிட்டதாகவே ஆகிவிடுகிறது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயது வரையிலான 150 பேரை, அவர்கள் போன் பார்க்கும்போது பக்கவாட்டில் படம் எடுத்தார்கள். யார் யாருக்கு ‘டெக்ஸ்ட் நெக்’ என்று பிசியோதெரபிஸ்ட்டுகள் அந்தப் படங்களைப் பார்த்து முடிவுசெய்தார்கள். பிறகு யார் யாருக்குக் கழுத்துவலி என்ற பட்டியலோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது கொம்பு விவகாரம். போன் பார்க்கும் இளைஞர்களுக்குப் பின்மண்டையில் கொம்பு முளைக்கிறது என்று 2019 ஜூனில் உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஆய்வுதான் மூலம். அவர்கள் பார்த்தது பின்மண்டையில் எல்லோருக்கும் இருக்கும் எலும்பு மேடு கொஞ்சம் துருத்தியிருந்த எக்ஸ்ரேக்களை. அந்த ஆட்கள் எவ்வளவு நேரம் போன் பார்த்தார்கள் என்று அளக்கவே இல்லை. இருவரில் ஒருவர், உடல் நிலையைச் சரிசெய்யும் தலையணை விற்கும் தொழிலிலும் இருந்தார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. சில மாதங்களில், அந்த ஆய்வு வந்த இதழே திருத்தம் வெளியிட்டது. திருத்தம் எந்த வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் ஏன் வலிக்கிறது?

கம்ப்யூட்டரும் போனும் வருவதற்கு முன்பே குனிந்த கழுத்து இருந்தது. 1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கணக்குப்பிள்ளைகள், எழுத்தர்களின் உபாதைகளுக்கு, 1713-ல் வந்த அதன் விரிவான பதிப்பில் அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, கணக்கில் தப்பு வந்துவிடுமோ என்ற மன அழுத்தம். முந்நூறு ஆண்டுகள் தாண்டியும் இந்தப் பட்டியலில் சேர்க்க அதிகமில்லை.

தென்காசி, முக்கூடல் பக்கம் பகல் நேரத்தில் எந்தத் தெருவிலும் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். சுவரில் முதுகு, மடியில் தட்டு. தட்டில் வெட்டிய இலை, தூள், நூல். இலையில் தூளை வைத்து, உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றி முடிப்பதற்குள் கண் அந்தத் தட்டை விட்டு அகலாது. கழுத்தும் அகலாது. விரல்கள் மட்டும் பறக்கும். திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் முன்னால் ஒன்றரை ஷிப்டு உட்காருபவருக்கும் இதேதான். ஊசி முனையில் கண், பெடலில் கால், நடுவில் அசையாத கழுத்து. நகைப் பட்டறையும் இப்படித்தான். ‘மொபைல் கழுத்து’ பற்றிக் கவலைப்படும் கட்டுரைகளில் இவர்கள் வருவதே இல்லை என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆன்டிராய்டு வாங்குவதற்கு முன்பிருந்தே இவர்கள் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அசையாமல் இருந்தால் தசைக்கு என்னவாகும் என்பதற்கு ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் ஹேக் 1991-ல் ஒரு விளக்கம் சொன்னார். ஒரு தசையில் உள்ள எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. லேசான வேலை என்றால் சின்ன இழைகள் மட்டும் எழுந்துகொள்ளும். பளு கூடினால்தான் பெரியவை கைகொடுக்க வரும். வேலை முழுசாக நிற்கும்வரை சின்ன இழைகளுக்கு ஓய்வே கிடையாது. கூட்டுக் குடும்பத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கும் மூத்த மருமகளின் கதைதான். ஹேக் இதற்கு வைத்த பெயர் சின்டரெல்லா. கீபோர்டில் தட்டுவது பளுவான வேலையே இல்லை. ஆனால் தோளையும் கழுத்தையும் ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தும் அந்த லேசான இறுக்கம் மணிக்கணக்கில் விடாமல் தொடர்கிறது. மூட்டை தூக்குபவர் இறக்கி வைக்கிறார், ஓய்வெடுக்கிறார். எக்செல் ஷீட்டை இறக்கி வைக்க முடியவில்லை.

டிஸ்க்குக்கும் அசைவு தேவை. பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிட்டத்தட்ட இல்லை. அதற்கு வேண்டிய சத்து சுற்றிலுமிருந்து கசிந்துதான் உள்ளே போக வேண்டும். குனிந்து, நிமிர்ந்து, திரும்பிச் சுமை மாறிக்கொண்டிருந்தால்தான் டிஸ்க்கிலிருந்து நீர் வெளியேறுவதும் ஊறுவதும் ஒழுங்காக நடக்கும்.

எல்லாவற்றையும் தசையின் தலையிலும் கட்டிவிட முடியாது. தூக்கம் கெட்டவர்களுக்கு, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்களுக்கு, மேலதிகாரியோடு ஒத்துப்போகாதவர்களுக்குக் கழுத்துவலி கூடுதல். ஒரே நாற்காலி, ஒரே லேப்டாப் என்றாலும் அப்ரைசல் மாதத்தில் வலி ஏறுவதை பிசியோதெரபிஸ்ட்டுகள் பேச்சுவாக்கில் சொல்வார்கள்.

முதலில் சொன்ன கிளினிக்குக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கலாம். கவரோடு வந்த ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கிருக்கும் பிசியோ கேட்கிறார்:

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை சீட்டை விட்டு எந்திரிக்கிறீங்க?"

"லஞ்சுக்கு ஒரு தடவை... சாயந்தரம் டீக்கு. அதுவும் சில நாள் டெஸ்க்குக்கே வந்துடும் மேடம்."

"தண்ணி குடிக்க?"

"ரெண்டு லிட்டர் பாட்டில் பக்கத்துலயே வச்சிருக்கேன்."

"நாளையிலேருந்து டம்ளர் எடுத்துட்டுப் போங்க."

முதல் மருந்துச்சீட்டு அதுதான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தது அதற்கப்புறம்.

சந்தை வைத்திருக்கும் வைத்தியங்கள்

கழுத்துவலி வந்தவர் வீட்டில் ஒரு காலர் பட்டை எங்கேயாவது பரணில் கிடக்கும். அடிபட்டவர்களுக்கும், வலி தாங்க முடியாத முதல் சில நாட்களுக்கும் காலர் சரி. மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்தால் ஏற்கெனவே சோம்பிப்போன தசை இன்னும் மெலியும். தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட்டுகளுக்கும் இதே கதைதான். ஆர்த்தோ தலையணை வாங்கினால் பர்சுக்குத்தான் வலி. பக்கவாட்டில் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பும் உயரம் இருந்தால் போதும், பழைய இலவம்பஞ்சுத் தலையணையே அதைச் செய்துவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். முடி வெட்டி முடித்ததும் சலூனில் தலையைப் பிடித்து இடது பக்கம் ஒரு சொடுக்கு, வலது பக்கம் ஒரு சொடுக்கு என நெட்டி எடுப்பார்களே, அது வேண்டாம். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. சட்டென்று முறுக்கினால் தமனியின் உட்சுவர் கிழிந்து ரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடும். அபூர்வம்தான், ஆனால் இனாமாகக் கிடைக்கும் சொடுக்குக்காக வாங்க வேண்டிய ஆபத்து இல்லை. பியூட்டி பார்லரில் தலையைப் பின்னால் சாய்த்து வாஷ் பேசினில் முடி அலசியபின் இப்படிப் பாதிக்கப்பட்ட ஐந்து பேரைப் பற்றி 1993-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்திருக்கிறது.

டாக்டரிடம் உடனே ஓட வேண்டிய கழுத்துவலியும் உண்டு. சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, செருப்பு காலிலிருந்து தானாக நழுவுவது, நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது ஆகியவையெல்லாம் தண்டுவடம் நசுங்குவதன் அடையாளங்களாக இருக்கலாம். கையில் வலு குறைந்துகொண்டே போனாலும் தாமதிக்கக் கூடாது. இரவில் அதிகமாகும் வலியோடு காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்தால் எலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால் பங்கு நம் நாட்டில்தான். கழுத்தோடு இடது கை, தாடை, நெஞ்சு என வலி பரவி வியர்த்தால் அது இதய டாக்டரின் வேலை, பிசியோவின் வேலையில்லை. விபத்துக்குப் பிறகு வரும் வலியைச் சுளுக்கு என்று வழித்துவிடக் கூடாது.

இவை எதுவும் இல்லாத சாதாரணக் கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும்.

இரண்டே நிமிடம்

டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 அலுவலக ஊழியர்களை மூன்று அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணி தினம் 12 நிமிடம், இன்னொன்று தினம் இரண்டே நிமிடம் ரப்பர் ட்யூபை வைத்துப் பயிற்சி செய்தது. மூன்றாவது அணிக்கு உடல்நல அறிவுரை மட்டும். வாரம் ஐந்து நாள், பத்து வாரம். பயிற்சி செய்த இரண்டு அணிகளுக்குமே வலி கணிசமாகக் குறைந்தது. 12 நிமிடக்காரர்களுக்கும் இரண்டு நிமிடக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் 2011-ல் வந்த அந்த முடிவின் அழகு.

செய்தது ஒரே பயிற்சி. ட்யூபின் நடுப்பகுதியைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் கைகளில் பிடித்து, முழங்கையை லேசாக மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். இனி முடியாது என்கிறவரை. சுலபமாகிவிட்டால் இன்னும் இறுக்கமான ட்யூப். பேண்ட் சட்டையோடு, டெஸ்க் பக்கத்திலேயே செய்துவிடலாம், வியர்க்காது. ஃபின்லாந்தில் நாள்பட்ட கழுத்துவலி இருந்த 180 பெண் ஊழியர்களை ஓராண்டு கவனித்த ஆய்விலும் இதையேதான் பார்த்தார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு, வெறுமனே இழுத்துவிடும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களைவிட நல்ல பலன்.

நம் ஊரில் உடற்பயிற்சி என்றாலே நடைதான். அதுவும் டாக்டர் சர்க்கரை என்று சொன்ன பிறகு. தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் 14,227 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 54.4 சதவிகிதம் பேர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். விளையாட்டாகவோ பயிற்சியாகவோ ஏதாவது செய்பவர்கள் பத்து சதவிகிதம்கூட இல்லை.

லேப்டாப் பற்றி ஒரு வார்த்தை. திரையும் கீபோர்டும் ஒட்டியே பிறந்த பொருள் அது. கைக்குத் தோதாக வைத்தால் கண் குனிய வேண்டும், கண்ணுக்குத் தோதாக உயர்த்தினால் கை அந்தரத்தில் நிற்கும். தனியாக ஒரு கீபோர்டு வாங்கிக்கொண்டு, லேப்டாப்பை நான்கு தடிமனான புத்தகங்களின் மேல் ஏற்றிவிட்டால் பிரச்னை தீர்ந்தது. ஐந்நூறு, அறுநூறு ரூபாய்ச் செலவு. ஐம்பதாயிரம் ரூபாய் நாற்காலி வாங்கி அதில் ஐந்து மணி நேரம் அசையாமல் உட்காருவதைவிட இது மேல். எந்த நாற்காலியிலும் சரியாக உட்கார ஒரே ஒரு முறைதான் உண்டு என்று நம்ப வேண்டியதில்லை. சாயுங்கள், காலை மடக்குங்கள், குனியுங்கள், நிமிருங்கள். அரை மணிக்கொரு தடவை எழுந்துவிடுங்கள்.

எழுந்துவிடுங்கள் என்று எழுதுவது சுலபம். எழ விட வேண்டுமே! ரங்கநாதன் தெருக் கடைகளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருந்த விற்பனைப் பெண்களுக்காக, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளா 2018-லேயே செய்துவிட்டது. உட்காரவே விடாத இடத்துக்கு அப்படி ஒரு சட்டம் வந்தது. எழவே விடாத இடத்துக்கு? ஐரோப்பாவில் 1990-லேயே, திரை முன்னால் வேலை செய்பவருக்கு இடையிடையே ஓய்வோ வேலை மாற்றமோ கிடைக்கும்படி முதலாளிதான் திட்டமிட வேண்டும் என்று விதி செய்தார்கள். அதில் ஊழியரின் முதுகைப் பற்றி அறிவுரை கிடையாது, பொறுப்பு முதலாளிக்கு. நம் 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம்கூட ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி இடைவேளை கேட்டது. ஐந்து மணி நேரம் என்பது சின்டரெல்லா இழைகளுக்கு யுகம்.

கால் சென்டர்களில் சீட்டை விட்டு எழும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு காரணத்தைச் சொடுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். சாப்பாடு, டீ, மீட்டிங், ட்ரெயினிங் என்று அதில் பட்டியல் இருக்கும். மாதக் கடைசியில் அந்த நிமிடங்களைக் கூட்டிப் பார்த்துத்தான் ரேட்டிங் போடுகிறார்கள். பீடிக்கும் பனியனுக்கும் பீஸ் கணக்கு, எழுந்தால் கூலி குறையும். டம்ளரோடு தண்ணீர் குடிக்கப் போகச் சொன்ன அந்த பிசியோவின் வைத்தியம் பலிக்க வேண்டுமானால், ரிப்போர்ட் கவரோடு வந்த பெண்ணின் டீம் லீடரும் அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.